தலையில்லாத டிராகன்கள்

நேர்முகத் தேர்வில் கண்டிப்பாகக் கேட்பார்கள் என்று சொல்லி என் மகளின் சீன ஆசிரியை ஒரு பட்டியல் அனுப்பியிருந்தார். முப்பத்துநான்கு மரபுத்தொடர்கள். ஒவ்வொன்றும் நான்கே எழுத்து. எல்லாவற்றிலும் ஒரு டிராகன் இருந்தது, அல்லது ஒரு ஃபீனிக்ஸ், சிலவற்றில் இரண்டும். மகள் அவற்றை அட்டைகளில் எழுதி வைத்திருந்தாள். அந்த அட்டைகள் இப்போது நீதிமன்றத்தில் வழக்குச் சொத்தாக இருக்கின்றன. அங்கே எப்படிப் போயின என்று சொல்ல ஆரம்பித்தால் கேட்பவர்கள் முதலில் சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை. போன வாரம் கோர்ட்டுக்குப் போய்வந்ததிலிருந்து கரும்பலகையில் ஒரு வட்டம்கூட என்னால் ஒழுங்காகப் போட முடியவில்லை.

அட்டைகள் எல்லாம் பழைய கல்யாணப் பத்திரிகைகள். இரண்டாக வெட்டி, பின்பக்கம் வெள்ளையாக இருந்த இடத்தில் நான்கு சீன எழுத்துகள், அதற்குக் கீழே சிறியதாகத் தமிழில் பொருள். குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒன்று, அரிசி டிரம் மூடியில் ஒன்று, அடுப்புக்கு மேலே ஒன்று என்று ஒட்டி வைத்திருப்பாள். மாலையில் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் என் வேலை, அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு கேள்வி கேட்பது. நான் ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கு எடுப்பவள். கணக்கில் நான்கு எண்களைக் கொடுத்தால் அவற்றை வைத்தே விடையைக் கண்டுபிடித்துவிடலாம். இங்கே நான்கு எழுத்துக்கும் தனித்தனியாகப் பொருள் தெரிந்தாலும் பிரயோஜனமில்லை. பின்னால் ஒரு கதை இருக்கும், அது தெரியாவிட்டால் ஒன்றும் விளங்காது. ‘டிராகன் பறக்க ஃபீனிக்ஸ் ஆட’ என்றால் ஏதோ கல்யாண ஊர்வலம் என்று நினைத்தேன். கையெழுத்து வளைந்து நெளிந்து இருப்பதைச் சொல்வதாம். எனக்கு எரிச்சலாக வரும்.

இந்தச் சீன மொழியை வீட்டுக்குள் கொண்டுவந்தது என் கணவர்தான். பதினெட்டு வருடமாகச் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை. அங்கே மேற்பார்வையாளர் திட்டுவது சீனத்தில். என்ன திட்டுகிறான் என்று புரியாமல் தலையாட்டிக்கொண்டு நிற்பதைவிட, புரிந்துகொண்டு தலையாட்டினால் கொஞ்சம் மரியாதையாக இருந்திருக்கும் என்று ஒருமுறை போனில் சொன்னார். வேடிக்கையாகத்தான் சொன்னார். மகள் அதைப் பிடித்துக்கொண்டாள். தஞ்சாவூர்க் கல்லூரியில் பட்டம் முடிப்பதற்குள் சீனத்தில் மூன்று நிலைத் தேர்வுகளில் தேறிவிட்டாள். அடுத்து, சீனாவில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஒரு வருட மொழிப் படிப்புக்கு நேர்முகத் தேர்வு வைத்துக் கொடுக்கிற உதவித்தொகை. அது கிடைத்தால் சென்னைப் பக்கத்துத் தொழிற்சாலைகளில் மொழிபெயர்ப்பாளர் வேலை நிச்சயம் என்றார்கள்.

அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும், சீன டிராகன் நெருப்புக் கக்குவதில்லை. ஆற்றில் குடியிருந்து மழையைக் கொண்டுவருவது அதன் வேலை. அப்படியென்றால் நமக்கும் ஒன்று வேண்டும், மேட்டூரில் கட்டிப் போடலாம் என்றேன். ஃபீனிக்ஸும் நாம் கட்சி மேடைகளில் கேட்டுக் கேட்டுச் சலித்த பறவை அல்ல. அது எரிவதும் இல்லை, சாம்பலிலிருந்து எழுவதும் இல்லை. நல்ல ஆட்சி நடக்கிற நாட்டில் மட்டும் வந்து உட்காருமாம். அதனால்தான் இந்தப் பக்கம் பார்த்ததில்லை என்று அவளே சொல்லிச் சிரித்தாள்.

அடுப்புக்கு மேலே ஒட்டியிருந்த அட்டையில் ‘வாங் ந்யூ செங் ஃபெங்’ என்று இருந்தது. மகள் ஃபீனிக்ஸ் ஆவாள் என்று ஏங்குவது. மகனாக இருந்தால் டிராகன், மகளாக இருந்தால் ஃபீனிக்ஸ். பிள்ளைகள் பெரிய ஆளாக வேண்டும் என்று பெற்றவர்கள் படுத்துகிற பாட்டுக்கு அங்கே இப்படி ஒரு பெயர். அதை நான் சமைக்கிற இடத்தில் வேண்டுமென்றேதான் ஒட்டினாள் என்று நினைக்கிறேன். நான் எடுக்கவில்லை. ஏங்குவதில் என்ன தப்பு என்றுதான் அப்போது தோன்றியது.

அந்த ஆடியில்தான் எங்கள் ஊருக்குக் குழாய் வந்தது. எண்ணெய்க் கிணற்றிலிருந்து எடுப்பதைக் கொண்டுபோக வயலுக்கு அடியில் குழாய் பதிக்கிறார்கள். எங்களுடைய ஆறு மா நிலம் தப்பித்துவிட்டது. மகள் பெரியம்மா என்று கூப்பிடுகிற எதிர்வீட்டு அக்கா குத்தகைக்குச் செய்கிற கோயில் நிலம் குறுக்காக அடிபட்டது. குறுவை நட்டு இருபது நாள் ஆன பச்சைப் பயிரில் மண்வெட்டும் இயந்திரத்தை இறக்கினார்கள். அக்கா போய் அதன் பல்லுக்கு முன்னால் உட்கார்ந்தார். அன்று மாலையே வாய்க்கால் கரையில், புங்கமரத்தடியில் பந்தல் எழும்பிவிட்டது.

எங்கள் ஊரில் எதையும் தலைக்கட்டு வைத்துத்தான் செய்வார்கள். திருமணமான ஒவ்வொரு குடும்பமும் ஒரு தலைக்கட்டு. கோயில் திருவிழாவானாலும் வாய்க்கால் தூர்வாருவதானாலும் தலைக்கட்டுக்கு ஓர் ஆள் வரவேண்டும். வராத வீட்டின் நல்லது கெட்டதுக்கு ஊர் வந்து நிற்காது. பந்தலுக்கும் அதே விதியை வைத்தார்கள். பகலில் பெண்கள், அதுவும் முன்வரிசையில். பெண்கள்மேல் போலீஸ் சட்டென்று கைவைக்காது என்பது இந்தப் பக்கத்துக் கணக்கு.

எங்கள் தலைக்கட்டுக்கு யார் போவது? கணவர் சிங்கப்பூரில். நான் அரசு உதவிபெறும் பள்ளியில் ஆசிரியை; போராட்டத்தில் உட்கார்ந்தேன் என்று ஒரு புகைப்படம் வெளியே வந்தால் விளக்கக் கடிதம் எழுதியே ஓய்ந்துவிடுவேன். மாமனார் இறந்தபோது ஊரே வந்து தோள் கொடுத்தது என் கண்ணுக்குள் நிற்கிறது. ஊரைப் பகைத்துக்கொள்ளும் தைரியம் எனக்கு இல்லை. மகளைப் போகச் சொன்னேன். மரத்தடிதானே, காற்று நன்றாக வரும், அட்டைகளை எடுத்துப் போய் அங்கேயே படி என்றேன்.

இதைக் கேட்டு எதிர்வீட்டு அக்கா வாசலில் வந்து நின்றார். “பாப்பாவ ஏன் டீச்சர் அனுப்புறீங்க? படிக்கிற புள்ள. ஒங்க வீட்டுக் கணக்கையும் சேத்து நானே சொல்லிக்கிறேன், யாரு கேக்கப் போறா?”

அதெல்லாம் சரியாக இருக்காது அக்கா, ஊர் என்றால் ஊர்தான் என்று பதில் சொன்னேன். இதே வாயால்தான் சொன்னேன்.

பதினோரு நாள் போனாள். முதல் நாள் முகத்தைத் தூக்கிக்கொண்டு போனவள், மூன்றாம் நாளிலிருந்து நான் எழுப்பாமலே கிளம்பினாள். பந்தலில் பெண்களுக்கு அட்டைகள்தான் பொழுதுபோக்கு. ஒவ்வொன்றாக எடுத்து இது என்ன, இது என்ன என்று கேட்பார்களாம். நல்ல மாப்பிள்ளையை ‘டிராகன்மேல் ஏறிவரும் மருமகன்’ என்று சொல்வார்கள் என்றதும், அப்படியானால் மாப்பிள்ளைக்குப் புல்லட் வாங்கித் தரவேண்டிய செலவு மிச்சம் என்று ஒருத்தி சொல்ல, பந்தலே சிரித்திருக்கிறது. சாயங்காலம் வீட்டுக்கு வந்து இதையெல்லாம் சொல்லுவாள். பாடம் மனதில் நிற்கிறது என்று எனக்கும் நிம்மதிதான்.

அவர்களுக்கு ரொம்பப் பிடித்துப்போனது ‘ச்சுன் லோங் வூ ஷோ’. டிராகன் கூட்டம், தலையில்லை. தலைவன் இல்லாமல் ஆளாளுக்கு ஒரு பக்கம் இழுக்கிற கூட்டத்தைச் சீனத்தில் இப்படிக் குறையாகச் சொல்கிறார்கள். ஆனால் இந்தத் தொடர் முதலில் வந்த மிகப் பழைய குறி நூலில், தலையில்லாத டிராகன் கூட்டத்தைக் கண்டால் நல்ல சகுனம் என்றுதான் இருக்கிறதாம். பிற்காலத்தில்தான் அது வசைச்சொல்லாக மாறியது. மகள் இதைச் சொன்னதும் எதிர்வீட்டு அக்கா, “அவன் சரியாத்தான் எழுதியிருக்கான் பாப்பா. தல இருந்தாத்தான வெட்டுவான்” என்றாராம். அதன் பிறகு தாசில்தார் வந்தாலும் பத்திரிகைக்காரர் வந்தாலும், உங்களுக்கு யார் தலைவர் என்று கேட்டால் பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிப்பார்கள். எல்லோரும் வந்தோம், எல்லோரும் உட்கார்ந்திருக்கிறோம் என்பார்கள். இயந்திரத்தின் முன்னால் முதலில் உட்கார்ந்தது யார் என்று ஊருக்கே தெரியும். ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லை.

பதினோராம் நாள் போலீஸ் வந்தது. அடிக்கவில்லை, இழுக்கவில்லை. நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு முன்வரிசையில் இருந்தவர்களிடம் பெயரும் விலாசமும் கேட்டார்கள். முதலில் இருந்தவர் எங்கள் ஊர் எல்லைத் தெய்வத்தின் பெயரைச் சொன்னார். அடுத்தவரும் அதையே சொன்னார். இப்படிப் பதினோரு பெண்கள், ஒரே அம்மனின் பெயர். விலாசம் கேட்டால் கோயிலைக் காட்டினார்கள். பன்னிரண்டாவதாக உட்கார்ந்திருந்த என் மகள் மட்டும் தன் பெயரை முன்னெழுத்தோடு சொன்னாள். அப்பா பெயர், கதவு எண், அஞ்சல் குறியீடு. எழுதுகிறவர் பெயரில் ஒரு எழுத்தைத் தப்பாகப் போட்டபோது திருத்தியும் கொடுத்திருக்கிறாள்.

அப்படி வளர்த்தது நான். எந்தப் படிவமானாலும் அடையாள அட்டையில் உள்ளபடி, ஒரு புள்ளிகூட மாறாமல் நிரப்ப வேண்டும் என்று ஐந்து வயதிலிருந்து சொல்லி வந்திருக்கிறேன்.

அட்டைகளையும் வாங்கிப் பார்த்தார் இன்ஸ்பெக்டர். என்ன எழுத்து என்றார். சீனம் என்றாள். யார் எழுதச் சொன்னது என்றார். நான்தான் சார், படிக்கிறேன் என்றாள். ஒன்றை உருவி இதில் என்ன போட்டிருக்கிறது என்று கேட்டிருக்கிறார். முப்பத்துநான்கு அட்டைகளில் அவர் கைக்கு அகப்பட்டது அதுதான். இவள் பொய் சொல்லத் தெரியாமல், தலைவன் இல்லாத டிராகன் கூட்டம் சார் என்று படித்துக் காட்டிவிட்டாள். அட்டைகள் அத்தனையையும் ஒரு உறையில் போட்டு எடுத்துக்கொண்டு போனார்கள்.

பெயர் எழுதியது வெறும் மிரட்டல் என்று ஊரில் நினைத்தோம். நிறுவனமும் இயந்திரத்தை வேறு பக்கம் நகர்த்தியது. பந்தல் தானாகப் பிரிந்தது. தேர்தல் வந்தது, ஆட்சி மாறியது. மகள் புது அட்டைகள் எழுதிப் படித்து நேர்முகத் தேர்விலும் தேறினாள். உதவித்தொகைக்குக் கடைசியாக ஒரு காகிதம்தான் பாக்கி: குற்ற வழக்கு எதுவும் இல்லை என்ற போலீஸ் சான்றிதழ். அதற்கு விண்ணப்பித்த பிறகுதான் வழக்கு பதிவாகியிருப்பதே எங்களுக்குத் தெரிந்தது. முதல் தகவல் அறிக்கையின் நகலை வாங்கிப் பார்த்தோம். முதல் குற்றவாளி என் மகள். ‘மற்றும் பெயர் விலாசம் தெரியாத பதினோரு பெண்கள்.’ சான்றிதழ் கேட்டிருந்த கடைசி நாளுக்கு நாற்பது நாள்கூட இல்லை. மகள் அந்த நகலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ஸ்டேஷன் ரைட்டர் கையெழுத்தைப் பாரும்மா, டிராகன் பறக்க ஃபீனிக்ஸ் ஆடுது என்றாள். அந்த நேரத்தில் அவளுக்கு அது எப்படி வந்ததோ. நான் அவளை அடிக்கவில்லை, அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு நான் நடந்த நடை. காவல் நிலையத்தில், நீங்களே சொல்லுங்கள் டீச்சர், பன்னிரண்டு பேரில் படித்தது ஒருத்தி, அவளிடம் சீன எழுத்து, வேறு யாரைத் தலைவி என்று எழுதுவது என்று கேட்டார்கள். பல்கலைக்கழகத்தின் கடிதத்தைக் காட்டினேன். அது இன்னும் மோசமாகப் போயிற்று. கடிதமும் சீனத்தில்தான் இருந்தது. தஞ்சாவூரில் எஸ்.பி. அலுவலகத்துக்குப் போனால் உங்கள் காவல் நிலையத்தில் கேளுங்கள் என்றார்கள். போராட்ட வழக்குகளை எல்லாம் வாபஸ் வாங்குவோம் என்று மேடையில் சொன்னவர்கள் ஆட்சிக்கு வந்துவிட்டார்களே என்று கட்சி அலுவலகத்துக்குப் போனேன். கோப்பு நகர்கிறது என்றார்கள். எங்கேயிருந்து எங்கே நகர்கிறது என்று கேட்டதற்கு, அடுத்த வாரம் வாருங்கள் என்றார்கள்.

கடைசியில் என் கணவரின் பெரியப்பா மகனிடம் போனேன். கட்சியில் ஒன்றியப் பொறுப்பில் இருப்பவர். எதிர்க்கட்சியாக இருந்தபோது எங்கள் பந்தலுக்கு வந்து, இந்தத் தாய்மார்கள் சாம்பலிலிருந்து எழும் ஃபீனிக்ஸ் பறவைகள் என்று அரைமணி நேரம் பேசியவர். நான் அத்தான் என்று கூப்பிட்டு அழுததும் உட்காரச் சொன்னார். அவர் கெட்டவர் இல்லை. எனக்கு வழி சொல்ல வேண்டும் என்றுதான் நினைத்தார்.

“இதப் பாரும்மா, போலீஸ்காரனுக்கு ஒரு பேரு வேணும். ஒன் பொண்ணு பேர எடுக்கணும்னா அந்த எடத்துல இன்னொரு பேர வெக்கணும். இல்லாட்டி எழுதுனதே தப்புன்னு ஆயிடும்ல?”

யார் பெயர் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. வெள்ளைத்தாளை எடுத்து நானே எழுதினேன். என் மகள் படிப்பைத் தவிர வேறெதுவும் அறியாதவள். எதிர்வீட்டில் வசிக்கும் இன்னார் வற்புறுத்தி அழைத்ததன் பேரில்தான் அவள் அங்கே சென்றாள். இயந்திரத்தின் முன்னால் முதலில் அமர்ந்தவரும், பெண்களைத் திரட்டி நடத்தியவரும் அவரே. அக்காவின் பெயரை, அவருடைய ரேஷன் கார்டில் உள்ளபடி, ஒரு புள்ளி மாறாமல் எழுதினேன். அவருடைய காகிதங்களை எல்லாம் வருடக்கணக்காகப் படித்துச் சொல்லுகிறவள் நான்தானே. பிள்ளைகளுக்கு எழுதிக் காட்டுகிற அதே குண்டு குண்டான எழுத்தில் கையெழுத்தும் போட்டேன்.

பன்னிரண்டு நாளில் மகளின் பெயர் நீங்கியது. சான்றிதழ் வந்தது. எப்படிக் கிடைத்தது என்று அவள் கேட்டதற்குப் கட்சிக்காரப் பெரியப்பா பேசினார் என்று மட்டும் சொன்னேன். எதிர்வீட்டு அக்காவுக்குத்தான் முதலில் இனிப்பு கொண்டுபோய்க் கொடுத்தாள். நான் உள்ளேயே இருந்துகொண்டேன்.

மகள் கிளம்ப ஒன்பது நாள் இருக்கும்போது, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், அக்கா ரேஷன் கார்டு வைக்கிற பிளாஸ்டிக் உறையில் சில காகிதங்களைக் கொண்டுவந்தார். கோர்ட்டிலிருந்து வந்திருக்கிறது டீச்சர், குத்தகை விஷயமாக இருக்கும், என்ன போட்டிருக்கிறான் பாருங்கள் என்று நீட்டினார். மேலே சம்மன். கீழே குற்றப்பத்திரிகையின் நகல். நான்காவது தாளில் என் எழுத்து.

வாய்விட்டுப் படிப்பதுதான் வழக்கம். சம்மனைப் படித்தேன். குற்றப்பத்திரிகையில் பாதி வரை படித்தேன். பிறகு கண்ணாடி சரியில்லை, நாளைக்குப் படிக்கிறேன் என்றேன். மகள் துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தவள், இங்கே கொடு என்று வாங்கினாள். நான்காவது தாளுக்கு வந்ததும் நின்றாள். என்னைப் பார்த்தாள். பிறகு ஒரு வார்த்தை விடாமல், கடைசியில் இருந்த என் கையெழுத்து வரை சத்தமாகப் படித்தாள்.

அக்கா காகிதங்களைத் திரும்ப வாங்கி உறையில் போட்டுக்கொண்டார்.

“நான் பாப்பாவ அனுப்ப வேணாம்னுதான டீச்சர் சொன்னேன்” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஒருவேளை எனக்கு மறந்துபோயிருக்கும் என்று ஞாபகப்படுத்துவதுபோலச் சொன்னார்.

மகளுக்குத்தான் கோபம் வந்தது. அவள் அன்று பேசியதை எல்லாம் இங்கே எழுத முடியாது. ‘டிராகனைப் பற்றிக்கொள், ஃபீனிக்ஸில் தொங்கிக்கொள்’ என்று ஒரு தொடர் இருக்கிறது, பெரிய இடத்தில் ஒட்டிக்கொண்டு பிழைப்பதற்கு. அது உனக்காகவே எழுதியது என்றாள். இன்னொன்றும் சொன்னாள். முன்னொரு காலத்தில் ஒரு பெரிய மனிதருக்கு டிராகன் என்றால் உயிர். தூணில், சுவரில், கிண்ணத்தில், சட்டையில் எல்லாம் டிராகன். இதைக் கேள்விப்பட்டு நிஜமான டிராகன் ஒன்று அவரைப் பார்க்க வந்து ஜன்னலில் தலையை நீட்டியது. அவர் முகம் வெளுத்து, பின்வாசல் வழியாக ஓடினார். பட்டியலில் பத்தொன்பதாவது. நானே பத்துமுறையாவது அவளிடம் கேட்டிருப்பேன்.

“தைரியமா பேசணும், உண்மைய சொல்லணும்னு எனக்குச் சொல்லிச் சொல்லி வளர்த்தியேம்மா. நான் அப்படி ஒரு தடவதான் செஞ்சேன். நீ ஓடுன.”

பிறகு, தான் போகப்போவதில்லை என்றாள். காவல் நிலையத்துக்குப் போய், யாரும் கூப்பிடவில்லை, அம்மா அனுப்பித்தான் வந்தேன் என்று எழுதிக்கொடுக்கப் போவதாகச் செருப்பை மாட்டினாள். தடுத்தது நான் இல்லை. அக்காதான் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

“நீ போயி சொன்னா ஒன்னையும் சேத்துப்பான், என்னைய விடமாட்டான். ரெண்டு பேருமா அலைஞ்சி யாருக்கு என்ன ஆவப்போவுது? போயி படிச்சிட்டு வா பாப்பா.”

மகள் செருப்பைக் கழற்றிவிட்டு என் பக்கம் திரும்பினாள். எழுதிக்கொடுத்தது பொய் என்று நீதிமன்றத்தில் நான் சொல்ல வேண்டும், சொல்லுகிற வரைக்கும் அவளிடம் பேச வேண்டாம் என்றாள். திருச்சி விமான நிலையத்துக்கு அக்காவும்தான் வந்தார். உள்ளே போகும்போது அவரைக் கட்டிக்கொண்டாள். எனக்குக் கைகாட்டினாள், எல்லோரும் பார்க்கிறார்களே என்பதற்காக.

அதன் பிறகு அவள் போன் செய்வது அக்காவுக்குத்தான். என் மகள் சாப்பிட்டாளா, அங்கே குளிர் தாங்குகிறாளா என்று எனக்கு எதிர்வீட்டு வாசலிலிருந்துதான் தெரியவரும். “பாப்பாவுக்குச் சளியாம். இப்பத் தேவலையாம்” என்று சொல்லிவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் அக்கா உள்ளே போய்விடுவார். இதைவிட அவர் என்னை நடுத்தெருவில் நிறுத்தித் திட்டியிருக்கலாம்.

எழுதியதைத் திரும்ப வாங்கலாம் என்று நினைத்தேன். காவல் நிலையத்தில், அது இனி கோர்ட்டுச் சொத்து டீச்சர் என்றார்கள். அத்தான் போனை எடுப்பதில்லை. வக்கீலிடம் கேட்டதில், நான் அரசுத் தரப்பு மூன்றாவது சாட்சி, கூப்பிடும்போது கூண்டில் ஏறிச் சொல்லலாம் என்றார். கூடவே, எழுதிக்கொடுத்தது பொய் என்று ஒப்புக்கொள்ளும் ஆசிரியைமேல் துறை என்ன செய்யும் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள் என்றார். தலைமையாசிரியர் யோசிக்கக்கூடச் சொல்லவில்லை. வேண்டவே வேண்டாம் என்றார்.

மாதத்துக்கு ஒரு வாய்தா. அரைநாள் விடுப்பு போட்டுவிட்டு அக்காவோடு ஒரே பேருந்தில் போவேன். முதல் தடவை அவர் தனியாகக் கிளம்பினார். நான் ஓடிப்போய் ஏறிக்கொண்டேன். வேண்டாம் என்று சொல்லவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு, யார் வயலில் தண்ணீர் நிற்கிறது, யார் இன்னும் நாற்று விடவில்லை என்று வெளியே பார்த்துச் சொல்லிக்கொண்டு வருவார். வழக்கைப் பற்றி ஒரு பேச்சும் கிடையாது. அங்கே போனால் நீதிபதி விடுப்பு. அடுத்த மாதம் வக்கீல்கள் புறக்கணிப்பு. அதற்கடுத்த மாதம் இன்ஸ்பெக்டர் வரவில்லை, வேறு ஊருக்கு மாற்றலாகிவிட்டார். ஐந்து மாதம் இப்படி. ஒரே ஒரு வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொண்டு போய், சொல்லாமல் திரும்பி வருவது எப்படி இருக்கும் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன். ஒவ்வொரு முறையும் தள்ளிவைத்துவிட்டார்கள் என்றதும் ஒரு நொடி நிம்மதியாக இருக்கும். அந்த நிம்மதியை நினைத்துத்தான் எனக்கு என்மேலேயே வெறுப்பு வந்தது.

போன வாரம் கூப்பிட்டார்கள். டவாலி என் பெயரை மூன்று முறை கத்தினார். கூண்டுக் கட்டையைப் பிடித்துக்கொண்டேன். அரசு வக்கீல் தாளைக் காட்டி இது உங்கள் கையெழுத்துதானா என்றார். ஆமாம் என்றேன். எழுதியதும் நீங்கள்தானா என்றார். ஆமாம், ஆனால் எழுதியிருப்பது உண்மை இல்லை என்றேன். தட்டச்சு செய்த பெண் நிமிர்ந்து, மெதுவாகச் சொல்லுங்கள் அம்மா என்றாள். வகுப்பில் சொல்வதைப்போல நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். யாரும் என் மகளை அழைக்கவில்லை. அவளை அனுப்பியது நான். அனுப்ப வேண்டாம் என்று சொன்னவர் இவர். யார் முதலில் உட்கார்ந்தார் என்பதை நான் பார்க்கவில்லை, நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன்.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். ஆசிரியையா என்றார். ஆமாம் என்றேன். வேறு ஒன்றும் கேட்கவில்லை. அரசு வக்கீல் என்னைப் பிறழ் சாட்சி என்று அறிவிக்கச் சொன்னார். அதற்குமேல் அவர் கேட்டதும் நான் சொன்னதும் சரியாக நினைவில்லை. இறங்கும்போது படி தெரியாமல் கால் பிசகிவிட்டது. வெளியே அக்கா, அரைநாள் லீவா முழுநாளா என்று கேட்டார். அரைநாள் என்றேன். அப்படியானால் பன்னிரண்டே கால் பேருந்தைப் பிடியுங்கள், எனக்கு வக்கீலோடு வேலை இருக்கிறது என்று திரும்பிக்கொண்டார். நான் மத்தியானம் இரண்டு வகுப்பு எடுத்தேன். என்ன எடுத்தேன் என்று தெரியாது.

கோர்ட்டில் சொல்லிவிட்டேன் என்று மகளுக்கு ஒரு செய்தி அனுப்பினேன். பார்த்துவிட்டாள் என்று காட்டியது. இரண்டு நாள் கழித்து, சாயங்காலம், அக்கா தன் போனோடு எங்கள் வாசலுக்கு வந்து, பாப்பா பேசணுமாம் என்று நீட்டினார்.

எட்டு மாதம் கழித்து அவள் குரல். எப்படி இருக்கிறாய் என்றெல்லாம் கேட்கவில்லை. கூண்டில் என்ன சொன்னாய், வரிக்கு வரி சொல் என்றாள். சொன்னேன்.

“பெரியம்மா பேர எடுத்துட்டாங்களா?”

இல்லை என்றேன். மற்ற சாட்சிகளை விசாரிக்க வேண்டும், அடுத்த மாதத்துக்குத் தள்ளி வைத்திருக்கிறார்கள், பள்ளியிலும் விளக்கம் கேட்டுக் கடிதம் வந்துவிட்டது என்றேன்.

“அப்ப இன்னும் முடியல.”

“முடியலம்மா.”

“சரி. போன பெரியம்மாகிட்ட குடு.”

கொடுத்தேன்.